எரிபொருள் மானியத்தை எடுத்தால் கார்க்காரருக்குத்தானே நஷ்டம்?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 4

பெட்ரோல், டீசல் மானியத்தில் பெரும்பகுதி வசதியானவர்களுக்குத்தான் போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் அதை நிறுத்தும்போது ஏழைக்கு ஏன் வலிக்க வேண்டும்? வண்டியே இல்லாதவர் தெருவில் இறங்கிக் கத்துவது எதற்கு? யாராவது தூண்டிவிடுகிறார்களா, இல்லை எனக்குத்தான் கணக்குப் புரியவில்லையா?

ஆகஸ்ட் 4, இரவு 9.10

உங்கள் கணக்கு தப்பில்லை, பாதியில் நிற்கிறது. நானும் ரொம்ப நாள் அதே பாதியில்தான் நின்றேன். சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் வளரும் நாடுகள் பலவற்றின் குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்து எழுதியது இது: எரிபொருள் மானியத்தில் மேல்தட்டு 20 சதவீதக் குடும்பங்களுக்குப் போவது, கீழ்த்தட்டு 20 சதவீதத்துக்குப் போவதைப் போல ஆறு மடங்கு. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எத்தனையோ மத்தியானம் வாதாடி ஜெயித்திருக்கிறேன். அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு. லிட்டருக்கு 25 அமெரிக்க சென்ட் மானியம் குறைந்தால் குடும்பங்களின் உண்மை வருமானத்தில், அதாவது வாங்கும் சக்தியில், சராசரியாக 6 சதவீதம் காலியாகிறது, அதில் பாதிக்கு மேல் பங்க்கில் போவதே இல்லை, மற்ற பொருள்களின் விலை வழியாகப் போகிறது. இந்த வரியை அப்போது நான் படிக்கவில்லையா, படித்தும் வசதியாக மறந்துவிட்டேனா, தெரியவில்லை.

ஆறு பங்கு வாங்குகிறவர் காரை வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுக்காமல் இருப்பார். ஒரு பங்கு வாங்குகிறவரிடம் நிறுத்திவைக்க என்ன இருக்கிறது? வண்டி இல்லாதவரும் டீசல் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார், கட்டண ரூபத்தில், காய்கறி விலை ரூபத்தில். ரசீதில் டீசல் என்று எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4, இரவு 9.25

ஒன்று விட்டுவிட்டேன். "எரிபொருள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் பாதி சண்டை வருகிறது. பெட்ரோல் மானியம் பெரும்பாலும் வண்டி வைத்திருப்பவருக்கு. மண்ணெண்ணெய் மானியம் ஓரளவு சமமாகப் பரவுகிறது, ஏழையிடமும் நன்றாகவே போய்ச் சேருகிறது. டீசல் யாருடையது என்று சொல்லவே முடியாது, லாரியில் ஏறி எல்லார் வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 5, காலை

என் கதையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வேலைக்குப் போய்வர தினமும் ஷேர் வேன்தான். வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே உண்டு, கருப்பு அட்டை போட்ட நீள நோட்டு, ஓரமெல்லாம் பிய்ந்து போயிருக்கும். டீசல் விலை ஒரு நள்ளிரவில் ஏறியது. காலை ஆறரைக்கு வேனில் ஏறினால் புதுக் கட்டணம். அந்த வேனின் டேங்கில் இருந்தது முந்தின நாள் மாலை பழைய விலைக்குப் போட்ட டீசல். கேட்டேன். "நாளைக்குப் போடணும்ல தம்பி" என்றார் டிரைவர். அதற்குப் பதில் இல்லை.

நோட்டைப் பார்த்தால் கணக்கு இப்படி: டீசல் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, வேன் கட்டணம் ஏறியது மூன்றில் ஒரு பங்கு. நியாயப்படி பார்த்தால் டீசல் அந்த வேனின் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான், ஆகவே கட்டணம் அதைவிடக் குறைவாகத்தானே ஏறியிருக்க வேண்டும்? ஏன் கூடுதலாக ஏறியது என்றால், சில்லறை. கணக்குப் போட்டு வந்த தொகைக்குக் காசு கிடையாது, அதனால் அடுத்த முழு நாணயத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கீழே இருக்கிற முழு நாணயத்துக்கு யாரும் தள்ளுவதில்லை.

இது என் வேனோடு நின்ற கதை இல்லை. 1989 பிப்ரவரி கடைசியில் வெனிசுவேலா அரசு பெட்ரோல் விலையை ஏற்றியது, பேருந்துக் கட்டணத்தை 30 சதவீதம் வரை கூட்டலாம் என்று அனுமதி கொடுத்தது. வண்டிக்காரர்கள் அதற்கும் மேலே கேட்டார்கள். 27ஆம் தேதி விடிகாலை தலைநகருக்குப் பக்கத்தில் குவாரெனாஸ் என்ற ஊரில், வேலைக்குப் போக பஸ் ஏறிய ஜனங்கள் கட்டணத்தைக் கேட்டுத்தான் முதலில் வெடித்தார்கள். அன்றே கரகாஸ் முழுக்கப் பரவி நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. பெட்ரோல் பங்க்கில் ஆரம்பித்த கலவரம் இல்லை அது, பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 5, மதியம்

"விலை ஏறினால் எனக்கென்ன, நான் எப்பவும் ஒரே தொகைக்குத்தான் போடுகிறேன்" ஜோக்கை யாராவது கொண்டுவருவார்கள் என்று காலையிலிருந்து எதிர்பார்த்தேன். வந்துவிட்டது. நன்றி.

ஆனால் பாருங்கள், டூவீலர்க்காரர் நிறையப் பேர் நிஜமாகவே அப்படித்தான் போடுகிறார்கள். தொகை மாறாது, கிலோமீட்டர் குறையும். எங்கே குறைகிறது என்று பார்த்தால் ஆபீஸ் போகிற கிலோமீட்டர் குறையாது, அம்மாவைப் பார்க்கப் போகிற கிலோமீட்டர்தான் குறையும்.

ஆகஸ்ட் 6

வேன் டிரைவரைப் பேராசைக்காரர் ஆக்கிவிட்டீர்கள் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். ஆக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம், பிறகு வருகிறேன்.

இன்றைக்கு மண்ணெண்ணெய். எங்கள் வீட்டில் பத்துத் திரி போட்ட ஸ்டவ் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் விலை ஏறிய மாதம் அம்மா அதில் நான்கு திரியை உருவி, துவைத்துக் காயவைத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். ஆறு திரியில் எரிந்தால் எண்ணெய் குறைவாகத்தானே குடிக்கும் என்பது கணக்கு. நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. பாத்திரத்தின் அந்தப் பக்கம் மட்டும் கரி. சமையல் முடிய இரண்டு மடங்கு நேரம். மாசக் கடைசியில் கேனைத் தூக்கிப் பார்த்தால் முன்னே மாதிரியேதான் காலியாகியிருந்தது. "எண்ணெயிலயே தண்ணி கலந்திருப்பான்" என்று அம்மா கடைக்காரரைத் திட்டினார்.

அந்த ஸ்டவ்வை எதற்கு இழுக்கிறேன் என்றால், விலையை ஏற்றினால் மக்கள் சிக்கனமாகப் பயன்படுத்துவார்கள் என்று கட்டுரைகளில் சுலபமாக எழுதுகிறார்கள். வீணாக்குகிறவரிடம் சிக்கனத்துக்கு இடம் உண்டு. ஏற்கெனவே அளந்து ஊற்றுகிறவர் எதைக் குறைப்பார்? திரியைத்தான் உருவுவார்.

ஆகஸ்ட் 6, இரவு

அம்மாவின் கணக்கு முன்னே மாதிரியே வந்ததற்குக் காரணத்தை ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார்: தீ சின்னதாகும்போது சமையல் நேரம் நீளும், அவ்வளவு நேரமும் பாத்திரத்தின் சூடு காற்றில் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே மொத்த எண்ணெய் பெரிதாகக் குறையாது. சரி. முப்பது வருஷம் கழித்துக் கடைக்காரர் நிரபராதி ஆகிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 8

நைஜீரியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு அன்றைக்கு, மானியத்தை எடுத்தார்கள். லிட்டர் 65 நைராவிலிருந்து 97 ஆனது. நாடே ஸ்தம்பித்தது. பிறகு 2023 மே 29, போலா டினுபு அதிபராகப் பதவியேற்ற மேடையிலேயே எரிபொருள் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். சுமார் 190 நைராவில் இருந்த லிட்டர் சில நாளில் 500ஐ ஒட்டி வந்து நின்றது.

இதைப் பெட்ரோல் விலை என்று மட்டும் பார்த்தால் அங்கே நடந்தது புரியாது. அங்கே பெட்ரோல்தான் பலருக்கு மின்சாரம். கம்பியில் வரும் கரண்டை நம்ப முடியாமல் சின்னக் கடைக்காரர், தையல்காரர், முடிவெட்டுகிறவர், செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பவர் என்று எல்லாரும் கையில் தூக்கக்கூடிய குட்டி ஜெனரேட்டர் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயர் "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்", அதாவது பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல். நம் ஊர் ஆட்டோ வாசகம் எழுதுகிறவர்கள் கெட்டார்கள் போங்கள். அந்த ஜெனரேட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் ஒரே வாரத்தில் இரண்டரை மடங்கு ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் இவரும் ஒரே இருட்டில்தான்.

இன்னொரு கணக்கு. அப்போது அந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 நைரா. மே மாதத்தில் அந்தச் சம்பளத்துக்கு 150 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வாங்கலாம், ஜூனில் 60. சம்பளத்தை 70,000 ஆக்கியது 2024 ஜூலையில். நடுவே இருந்த பதினான்கு மாசத்தை யார் கட்டினார்கள்? குவாரா, எடோ மாநிலங்களில் அரசு ஊழியர்கள் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வந்தால் போதும் என்று உத்தரவே போட்டார்கள், பஸ் காசு கட்டுப்படியாகாது என்பதால். அரசு ஊழியருக்கு அப்படி உத்தரவு கிடைத்தது. கூலிக்காரர் மூன்று நாள் போனால் மூன்று நாள் கூலிதான்.

ஆகஸ்ட் 9

மேலே தப்பு. 2012இல் விலை முதலில் போனது 97க்கு இல்லை, 141க்கு. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்து லட்சக்கணக்கில் ஜனங்கள் இறங்கியபின் ஜனவரி 16 அன்று அரசு 97க்கு இறக்கியது. பழைய 65க்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். வியாபாரத்தில் இதற்குப் பேரம் என்று பெயர்.

2023 பற்றியும் ஒரு திருத்தம். விலை அதற்குமேலும் ஏறி ஜூலையில் 617ஐத் தொட்டதற்கு மானியம் மட்டும் காரணமில்லை. ஜூனில் நாணய மதிப்பையும் சந்தைக்கு விட்டார்கள், நைரா சரிந்தது. பெட்ரோலை இறக்குமதி செய்கிற நாட்டில் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்தால் எது எந்த அடி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 11

"மானியத்தை எடுத்துவிட்டுப் பணமாகக் கையில் கொடுத்தால் தீர்ந்தது" என்பவர்களுக்கு.

கொடுத்துப் பார்த்த நாடுகள் உண்டு. இந்தோனேசியா 2005 அக்டோபர் 1ஆம் தேதி பெட்ரோலை 2,400 ரூபியாவிலிருந்து 4,500 ஆக்கியது, மண்ணெண்ணெய் 700இலிருந்து 2,000. கூடவே சுமார் 1 கோடியே 90 லட்சம் குடும்பங்களுக்கு மாதம் ஒரு லட்சம் ரூபியா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து, தபால் அலுவலகம் வழியாக. அவசரத்தில் பட்டியல் எடுத்ததால் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று ஊருக்கு ஊர் சண்டை. ஆனாலும் 1998 மே மாதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அன்றைக்கு விலையை ஏற்றியதுமே மேடான் நகரில் கலவரம், 21ஆம் தேதி அதிபர் சுகார்த்தோ பதவியை விட்டார். (விலை ஏற்றம் மட்டும் காரணமில்லை, ஏற்கெனவே எல்லாம் உலர்ந்து கிடந்தது.)

ஈரான் செய்தது எனக்குப் பிடித்த தந்திரம். 2010 டிசம்பரில் விலை ஏற்றுவதற்கு முன்பே தலைக்கு மாதம் 4,55,000 ரியால் வீதம் குடும்பத் தலைவரின் கணக்கில் போட்டுவிட்டார்கள். கணக்கைத் திறந்து பார்க்கலாம், எடுக்க முடியாது. விலை ஏறிய அன்றுதான் எடுக்கலாம். இப்போது விலை ஏறும் நாளுக்குத் தெருவே காத்திருக்கும் இல்லையா! கலவரம் இல்லாமல் முடிந்தது. ஆனால் அந்தத் தொகையை ஏற்றவே இல்லை, வருஷக்கணக்காக அதே 4,55,000. விலைவாசி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தது. 2019 நவம்பரில் மறுபடி ஒரு ராத்திரியில் பெட்ரோலை ஏற்றியபோது முன்கூட்டிச் சொல்லவுமில்லை, கணக்கில் போட்டுக் காட்டவுமில்லை. போராட்டத்தில் ஏகப்பட்ட பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாட்டின் இணையத்தையே அணைத்தார்கள். ஒன்பது வருஷம் முன்னால் தந்திரம் தெரிந்தவர்கள்தான்.

ஆகஸ்ட் 11, இரவு

சேர்க்க மறந்தது. தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது வருகிறது என்பதில் நிறைய இருக்கிறது. இந்தியாவில் சமையல் எரிவாயு மானியத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றியபோது (2014 நவம்பரில் 54 மாவட்டம், 2015 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க) சிலிண்டரை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும், மானியம் பிறகு கணக்கில் ஏறும். மாசச் சம்பளக்காரருக்கு இது ஒரு எஸ்.எம்.எஸ். சத்தம். தினக்கூலிக்காரர் அந்த முழு விலையை முதலில் எங்கே புரட்டுவார்? இரண்டு நாள் கழித்து வரும் பணம், இன்றைக்கு இல்லாத பணம்தான்.

அப்புறம் 2020 நடுவில் உலகச் சந்தையில் விலை இறங்கியபோது அந்த மானியம் பூஜ்யமானது. விலை திரும்ப ஏறியபோது பெரும்பாலானவர்களுக்கு அது திரும்ப வரவில்லை. உஜ்வலா (ஏழைக் குடும்பங்களுக்கான எரிவாயு இணைப்புத் திட்டம்) இணைப்புள்ள குடும்பங்களுக்கு மட்டும் 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ஆக்கினார்கள். மானியம் நிறுத்தப்பட்டது என்று யாரும் மேடை ஏறி அறிவிக்கவில்லை, சத்தமில்லாமல் நின்றுபோனது. டினுபு இந்த வழியைப் பார்த்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13

"உலகம் எரிபொருள் மானியத்துக்கு 7 டிரில்லியன் டாலர் அழுகிறது" என்று ஒருவர் ஒட்டியிருக்கிறார். அந்த எண் நாணய நிதியத்துடையதுதான், 2022க்கானது. ஆனால் அதில் அரசாங்கப் பையிலிருந்து நேராகப் போனது 1.3 டிரில்லியன். மீதியில் பெரும்பகுதி காற்று மாசு, பருவநிலைக் கேடு, நெரிசல் என்று விலையில் சேர்க்காமல் விட்ட செலவு. அந்தச் செலவு நிஜம்தான், மூச்சுத்திணறலுக்கு மருந்து வாங்குகிறவரைக் கேட்டால் சொல்வார். ஆனால் 7 டிரில்லியனையும் நிறுத்தி ஆஸ்பத்திரி கட்டலாம் என்று எழுதாதீர்கள், அத்தனையும் பெட்டியில் இருக்கும் ரொக்கம் இல்லை.

ஆகஸ்ட் 14

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மானியத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

மலிவு விலைச் சரக்கு இருக்கும் இடத்தில் அதைக் கடத்துகிற வண்டியும் இருக்கும். நைஜீரியாவின் மானியப் பெட்ரோல் வருஷக்கணக்காகப் பக்கத்து பெனின் நாட்டில் சாலையோரம் கண்ணாடிக் குடுவையில் விற்பனையானது. 2023 ஜூனில் பெனின்காரர்களும் சேர்ந்து விலையேற்றத்தில் மாட்டிக்கொண்டார்கள், அவர்களுக்கு யாரும் மானியம் தருவதாகச் சொன்னதே கிடையாது. இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்பது ஒரு பெரிய தொழிலாகவே நடந்தது. நீலச் சாயம் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போன யஷ்வந்த் சோனவானே என்ற கூடுதல் ஆட்சியரை உயிரோடு எரித்தார்கள். என் அம்மா உருவிய நான்கு திரியின் எண்ணெய் மாதிரி எத்தனை வீட்டு எண்ணெய் லாரி டேங்குக்குப் போயிருக்கும்?

ஆக, மானியம் கெட்டது என்பதிலும் உண்மை இருக்கிறது, அதை எடுப்பது கெட்டது என்பதிலும் உண்மை இருக்கிறது, இது என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15

பொலிவியா பற்றி இரண்டே வரி. ஏழைகளின் அதிபர் என்று பெயரெடுத்த ஈவோ மொராலெஸ் 2010 டிசம்பர் 26 அன்று பெட்ரோலை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றினார். டிசம்பர் 31 இரவு திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17

சின்னச் சின்ன டோஸாகக் கொடுத்தால் வலிக்காது என்ற யோசனைக்கு இந்திய டீசல்தான் உதாரணம். 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு வீதம் ஏற்றினார்கள். 50 காசுக்கு எந்த வேன் டிரைவரும் கட்டணத்தை மாற்ற முடியாது, சில்லறைப் பிரச்சினை இங்கே பயணியின் பக்கம் நின்றது! (மூன்று நான்கு மாதம் சேர்ந்ததும் ஒரேயடியாக ஏற்றினார்கள் என்பது வேறு.) 2014இன் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, அந்த அக்டோபரில் டீசல் விலையைச் சந்தைக்கு விட்டார்கள். நல்ல நேரம் பார்த்து விட்டார்கள்.

ஆனால் சந்தைக்கு விட்டால் ஏறும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும் என்றல்லவா சொன்னார்கள்? 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை கலால் வரியை ஒன்பது தடவை கூட்டினார்கள். இறங்கிய விலையில் பெரும்பகுதி கஜானாவுக்குப் போனது. மானியம் போய் அந்த இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. அந்தப் பணம் சாலையாக, பள்ளிக்கூடமாக வந்திருக்கலாம், மறுக்கவில்லை. பங்க்கில் நிற்பவருக்குத் தெரிந்தது, உலகத்தில் விலை இறங்கினாலும் இங்கே அவ்வளவாக இறங்காது என்பதுதான்.

ஆகஸ்ட் 18

இலங்கையிலிருந்து ஒருவர், நீங்கள் பஸ்ஸையும் வேனையுமே பேசுகிறீர்கள், கடலைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். உண்மை, எனக்குத் தோன்றவே இல்லை. சின்னப் படகுகளின் வெளி இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்ட்டில் அங்கே மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. ஒரே ராத்திரியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வேன்காரர் கட்டணத்தை ஏற்றிவிடலாம். மீனவர் கரைக்கு வந்து "இன்றைக்கு எண்ணெய் விலை அதிகம், மீனுக்குக் கூடக் கொடு" என்று ஏலத்தில் சொல்ல முடியுமா? மீன் விலையை அவர் வைப்பதில்லை. தூரத்துக் கடலுக்குப் போகாமல் கிட்டத்திலேயே வலை போட்டுத் திரும்பியவர்களும் உண்டு, படகைக் கரையில் ஏற்றியவர்களும் உண்டு.

இதே மாதிரிதான் வாடகை மோட்டாரில் தண்ணீர் வாங்கும் சிறு விவசாயி. டீசல் மோட்டார் வைத்திருப்பவர் மணிக்கு இவ்வளவு என்று வாடகையை ஏற்றிவிடுவார். தண்ணீர் வாங்கியவர் விளைச்சலை அந்த அளவுக்கு ஏற்றி விற்க முடியாது. விலையை அடுத்தவர் தலையில் தள்ளிவிட முடிந்தவர், தள்ள முடியாதவர் என்று பிரித்துப் பார்த்தால், முதல் கேள்விக்கு, அதாவது வண்டியில்லாதவர் ஏன் கத்துகிறார் என்பதற்கு, நான் 4ஆம் தேதி சொன்னதைவிடச் சரியான பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வரிசையின் கடைசியில் நிற்பவருக்குப் பின்னால் தள்ள யாருமில்லை.

ஆகஸ்ட் 20

மலேசியா பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: 2024 ஜூன் 10 அன்று தீபகற்பப் பகுதியில் டீசலை 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரேயடியாக 3.35 ஆக்கினார்கள், தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் கொடுத்தார்கள். பெட்ரோலுக்கு 2025 செப்டம்பர் கடைசியில் வேறு வழி, அடையாள அட்டையைப் பங்க்கில் காட்டினால் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 வீதம் கொடுத்தார்கள். பணத்தைப் பிறகு அனுப்புவதைவிட இது மேல், ஏனென்றால் முழு விலையை முன்னால் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் 300 லிட்டரை முழுசாகப் பயன்படுத்துவது யார் என்று கேட்டால் பழைய ஆறு மடங்குக் கதைக்கே வந்து நிற்போம்.

ஆகஸ்ட் 23

வேன் டிரைவர் விஷயத்துக்குத் திரும்ப வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வேன் இப்போது ஓடவில்லை, அவரும் வயதாகி வீட்டில் இருக்கிறார். போன வாரம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். "அண்ணே, டீசல் இறங்கினப்ப நீங்க ஏன் இறக்கல?"

"இறக்கினேனே" என்றார்.

எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வாரம் இறக்கினாராம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பழைய தொகையையே நீட்டினார்கள், மீதி கொடுத்தால் என்ன இது என்று திருப்பிப் பார்த்தார்கள். அதற்குள் முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டது. டீசல் ஏறியபோது ஏறிய டயர் விலை டீசல் இறங்கியபோது இறங்கவில்லை, வண்டிக் கடன் தவணை அதுபாட்டுக்கு ஓடியது. இன்னொன்றும் சொன்னார். கட்டணம் ஏற்றிய மாதத்திலிருந்து ஒரு நடைக்கு மூன்று நான்கு ஸீட் காலியாகவே போனதாம், காலை நடையில் ஏறும் வீட்டுவேலைக்காரப் பெண்கள் நடந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். "சைடுல பாத்தா நடந்துட்டிருப்பாங்க தம்பி. நான் ஹாரன் அடிக்கிறதையே விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் அக்டோபரில் பன்னிரண்டு நாள் வேன் செலவு குறைவாகத்தான் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு விட்டுவிட்டிருக்கிறேன்.